குறை ரசனையில் இல்லை, மிக்ஸரில்

சேலத்தில் கிட்டாரை முன்னிறுத்தும் ஆல்டர்நேட்டிவ் ராக் குழுக்கள் எடுபடாததற்கு ரசிகர்களின் ரசனைதான் காரணம் என்கிறது ஒரு கட்டுரை. பாதிப் பழி மைக் செட்டுக்குப் போக வேண்டும். மெல்லிசைக் கச்சேரிக்குப் பழகிய ஆபரேட்டர் மிக்ஸரில் (ஒலிகளைக் கலந்து அளவு வைக்கும் பலகை) குரலைத் தூக்கி, எக்கோ போட்டு, கிட்டாரைப் பின்னால் தள்ளிவிடுவார். இந்த இசைக்கு அது ஆகாது. பாஸ்டனில் 1986-ல் தொடங்கிய பிக்ஸீஸ் போன்ற குழுக்களின் பாணியே சரணத்தில் அடங்கி, பல்லவியில் வெடிப்பதுதான். சத்த ஏற்ற இறக்கத்தைக் குறைக்கும் கம்ப்ரஸரை இறுக்கினாலோ, மெதுவான இடத்தில் ஃபேடரை (ஒலி அளவை ஏற்றி இறக்கும் தள்ளுகட்டை) ஏற்றினாலோ இரண்டும் ஒரே மட்டமாகிவிடும். சரணத்தைப் பல்லவியைவிட 8, 10 டெசிபல் தணிவாக விட்டுவைத்துக் கையை எடுத்துவிடுங்கள். எக்கோவும் வேண்டாம், கல்யாண மண்டபச் சுவர்களே தாராளமாகக் கொடுக்கின்றன.

ஏற்காட்டு ரிசார்ட்டில் கச்சேரி என்றால் வேறு கணக்கு. சுமார் 1,500 மீட்டர் உயரம். சேலத்து வெயிலில் டியூன் பண்ணிய கிட்டார் 20 கொண்டை ஊசி வளைவு ஏறியதும், குளிரில் கம்பி சுருங்கிச் சுருதி கூடிவிடும். மேடையருகே அரை மணி நேரம் வைத்திருந்து, பிறகுதான் டியூன் பண்ண வேண்டும்.

அடுத்தது கரண்ட். கிட்டார் ஆம்ப் (ஒலிபெருக்கி) ஜெனரேட்டரில், மிக்ஸர் ரிசார்ட் லைனில் என்று பிரித்துச் செருகினால் ‘உர்ர்’ என்று ஹம் வரும். அதை நிறுத்த உடனே யாராவது எர்த் பின்னைப் பிடுங்குவார்கள். உயிருக்கே ஆபத்து: கிட்டார் கம்பியில் கையும் மைக்கில் உதடும் பட்டால் பாடுபவருக்கு ஷாக்தான். எர்த் சரியாக உள்ள ஒரே லைனிலிருந்து இரண்டுக்கும் எடுங்கள். மிச்ச ஹம்முக்கு, கிட்டாரை மிக்ஸரோடு இணைக்கும் டிஐ பாக்ஸில் கிரவுண்ட் லிஃப்ட் (சிக்னல் கேபிளின் எர்த் இணைப்பை மட்டும் துண்டிக்கும் சுவிட்ச்) இருக்கிறது, அதைத் தட்டினால் பெரும்பாலும் போய்விடும்.