சீனா வந்துருச்சுன்னு கத்துறோம் சரி, நாம எப்போ போனோம்?

2022 ஆகஸ்ட்ல யுவான் வாங் 5னு ஒரு சீனக் கப்பல் இலங்கையோட ஹம்பாந்தோட்டைத் துறைமுகத்துக்கு வந்தப்போ டிவில ஒரு வாரம் ஒரே அலறல், உளவுக் கப்பல், வாசல்ல சீனா, அது இதுன்னு. அலறினது தப்புன்னு சொல்லல, கவலைப்பட வேண்டிய விஷயம்தான். ஆனா அந்தத் துறைமுகத்தோட கதைய யாரும் முழுசா சொல்லல. அதக் கட்டித் தரச் சொல்லி முதல்ல இந்தியாகிட்டதான் கேட்டோம்னு அப்போ இலங்கை அதிபரா இருந்த மகிந்த ராஜபக்சவே பேட்டில சொல்லிருக்கார். நாம கண்டுக்கல, சீனா 2008ல வேலைய ஆரம்பிச்சு 2010ல திறந்துட்டான். கடன் கட்ட முடியாம திணறி 2017ல 99 வருஷ லீசுக்கு சீன கம்பெனிகிட்டயே குடுத்தாங்க, அது அப்புறம் நடந்த கதை.

அதே 2008லதான் நாம மியான்மரோட கலாதான் திட்டத்துல கையெழுத்து போட்டோம். நிறைய பேருக்கு இந்தப் பேரே தெரியாது. கொல்கத்தாவுல இருந்து கடல் வழியா சிட்வே துறைமுகம், அங்கருந்து ஆத்து வழியா பலேத்வா, அப்புறம் ரோடு போட்டு மிசோரம். வடகிழக்குக்குப் போக இன்னைக்கு நமக்கு இருக்குற தரைவழி சிலிகுரி பக்கம் சுமார் 22 கிலோமீட்டர் அகலத்துல இருக்குற அந்த கோழிக்கழுத்து மட்டும்தான், அதுக்கு மாற்று வழியா போட்ட திட்டம் இது. 536 கோடின்னு ஆரம்பிச்ச மதிப்பீடு 3,000 கோடிய தாண்டிருச்சு. சிட்வேக்கு முதல் சரக்குக் கப்பல் போனது 2023 மே மாசம். ரோடு இன்னும் முடியாம கிடக்கும்போதே 2024 ஜனவரில அரக்கான் ஆர்மிங்கிற கிளர்ச்சிப் படை வந்து பலேத்வாவையே புடிச்சிருச்சு. இப்போ நாம ஆயுதக் குழுகிட்ட பேசுறதா, மியான்மர் அரசுகிட்ட பேசுறதான்னு முழிக்கிறோம். நேரத்துக்கு முடிச்சிருந்தா இந்தத் தலைவலில பாதி வந்திருக்காது.

என்னைக் கேட்டா இந்தியாவோட பெரிய பாதுகாப்புப் பிரச்சனையே இதுதாங்க. பலம் இல்லாம இல்ல, சொன்ன வேலைய சொன்ன நேரத்துல முடிக்கிற பழக்கம் இல்ல. திருகோணமலைல 99 எண்ணெய் டேங்க் இருக்கு, பிரிட்டிஷ்காரன் காலத்துது. அத சேர்ந்து சீரமைக்கிறதா 1987 இந்திய-இலங்கை ஒப்பந்தத்தோடவே கடிதம் பரிமாறிக்கிட்டாங்க. 2003ல நம்ம ஐஓசி (இந்தியன் ஆயில்) உள்ள போச்சு, ஆனா அதுல 61 டேங்கை சேர்ந்து நடத்துற டீல் ஒப்பந்தமா வந்தது 2022 ஜனவரில!

வேகமா செஞ்சா என்ன நடக்கும்னும் அதே இலங்கைலதான் பாத்தோம். 2022ல அவங்க டாலர் இல்லாம முடங்குனப்போ டீசல், அரிசி, மருந்துன்னு கிட்டத்தட்ட 400 கோடி டாலர் அளவுக்கு உதவி போச்சு, சீனா கடன் விஷயத்துல இழுத்துட்டு இருந்த நேரத்துல. மாலத்தீவும் அப்படித்தான், இந்தியா அவுட்னு சொல்லி ஜெயிச்ச அதிபர் முய்சு 2025 ஜூலைல சுதந்திர தினத்துக்கு மோடியையே கூப்பிட்டு உக்கார வச்சார். நடுவுல நாம பதிலுக்குக் கத்தாம பொறுமையா பணமாற்று உதவி (அவங்க பணத்துக்கு ஈடா டாலர், ரூபாய் குடுக்குற ஏற்பாடு) குடுத்தோம், அவ்ளோதான். சும்மா சொல்லக்கூடாது, அது நல்ல ராஜதந்திரம். (அந்த நேரத்துல பாய்காட் மாலத்தீவ்ஸ்னு ஹேஷ்டேக் போட்டுட்டு இருந்தவங்க பங்கு இதுல எதுவும் இல்ல.)

இத தொடர்ந்து செய்ய ஆள் வேணும், பணம் வேணும். 2025-26 பட்ஜெட்ல வெளியுறவுத் துறைக்கு 20,517 கோடி, மொத்த பட்ஜெட் 50 லட்சம் கோடிக்கு மேல, கணக்குப் போட்டா 0.4 சதவீதம்தான் வருது. பக்கத்து நாட்டுக்குக் குடுக்குற உதவியும் இதுக்குள்ளதான். இத வச்சுக்கிட்டு விஸ்வகுருன்னு சொன்னா நேபாள்காரனே சிரிப்பான்.

ராணுவப் பக்கமும் அதே தாமதம்தான். விமானப்படைக்கு 42 ஸ்குவாட்ரன் (போர் விமானப் பிரிவு) வேணும்னு அனுமதி இருக்கு, 2025 செப்டம்பர்ல மிக்-21 ரிட்டயர் ஆனப்புறம் இருக்குறது 29. 83 தேஜஸ் மார்க் 1ஏ போர் விமானத்துக்கு ஆர்டர் குடுத்தது 2021 பிப்ரவரில, அதுக்கு அமெரிக்க கம்பெனியோட முதல் இன்ஜின் வந்து சேந்ததே 2025 மார்ச்சுல. அதே அமெரிக்காதான் ரஷ்யா எண்ணெய் வாங்குறோம்னு சொல்லி 2025 ஆகஸ்ட்ல வரிய 50 சதவீதம் ஆக்குனான். எல்லார்கூடயும் நட்பா இருப்போம், யாருக்கும் கட்டுப்பட மாட்டோம்ங்கிற கொள்கை எனக்குப் புடிக்கும், ஆனா இன்ஜின அவன்கிட்ட வாங்கிட்டு, எஸ்-400 வான் பாதுகாப்பு ஏவுகணைய ரஷ்யாகிட்ட வாங்கிட்டு, மின்சார மோட்டாருக்கு வேண்டிய ரேர் எர்த் மேக்னட்டுக்கு சீனாவ எதிர்பாத்துக்கிட்டு அந்தக் கொள்கைய எவ்ளோ தூரம் இழுக்க முடியும்? கல்வான்ல சீனாவோட மோதி 20 வீரர்கள பறிகொடுத்துட்டு சீன ஆப்ஸ தடை பண்ணோம், ஆனா 2024-25ல சீனாவோட வர்த்தகப் பற்றாக்குறை 9,900 கோடி டாலர்.

பாகிஸ்தானப் பத்தி நான் தனியா எழுதப் போறதில்ல, எழுத ஆயிரம் பேர் இருக்காங்க. 2025 மே மாச சண்டைல எதிர்ல பாகிஸ்தான் ஓட்டுனது சீனாவுல செஞ்ச விமானம்ங்கிறத மட்டும் ஞாபகம் வச்சுக்கணும், இனிமே பாகிஸ்தான், சீனான்னு அது ரெண்டு தனித்தனி எல்லை கிடையாது.

எனக்கு அதவிட வங்கதேசம்தான் பயமா இருக்கு. ஒரே ஒரு ஆள நம்பி மொத்த உறவையும் வச்சிருந்தோம், 2024 ஆகஸ்ட் 5ஆம் தேதி அப்போ பிரதமரா இருந்த ஹசீனா நாட்ட விட்டு ஹெலிகாப்டர் ஏறுனதும் அங்க பேச ஆளில்லாம போச்சு. நம்மகிட்ட இருந்து அங்க பாயுற டீஸ்டா ஆத்துத் தண்ணிய பங்கு போடுற ஒப்பந்தம் 2011ல கையெழுத்தாகுற நேரத்துல அப்போ மேற்கு வங்க முதல்வரா இருந்த மம்தா எதிர்த்ததால நின்னுச்சு, இன்னும் நிக்குது, அந்த ஆத்துத் திட்டத்த நான் கட்டித் தரேன்னு சீனா வந்து நிக்கிறான். மாநிலத்த கேக்காம வெளியுறவு நடத்துனா என்னாகும்னு கச்சத்தீவு விஷயத்துல நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்ல, ஆனா மாநிலம் வேணாம்னா மொத்தமா கிடப்புல போடுறதும் வழியில்லையே. அடுத்து கங்கைத் தண்ணிய வங்கதேசத்தோட பங்கு போடுற ஒப்பந்தம் இருக்கு. 1996 டிசம்பர்ல போட்டது, 30 வருஷம், 2026 டிசம்பரோட முடியுது. கங்கைல மேற்கு வங்கத்துல கட்டுன ஃபராக்கா தடுப்பணையால வெள்ளம் வருதுன்னு பீகாரும் ரொம்ப காலமா புகார் சொல்லுது. டாக்காவுல போய் உக்காருறதுக்கு முன்னாடி கொல்கத்தாவுலயும் பாட்னாவுலயும் பேசி முடிச்சிருக்கணும், 2011ல மாட்டுனதே அங்கதான்.