மேல்மடைக்காரர் கண்ணயர்ந்தால்

கல்லூரி முதலாண்டு மொழிப்பாடத்தில் ஒரு மாணவர் வாங்கும் மதிப்பெண், அந்த ஆண்டில் அவருடைய எழுத்து எவ்வளவு வளர்ந்தது என்பதைக் காட்டாது. சில நேரங்களில் தலைகீழாகவே காட்டும். எழுத்து வளர வளர மதிப்பெண் இறங்கிய மாணவி ஒருத்தியை எனக்குத் தெரியும். அவளைப் பற்றியும் அவளுக்கு மதிப்பெண்ணைக் குறைத்த நம் பழக்கத்தைப் பற்றியும் கொஞ்சம் நீளமாகவே எழுத வேண்டியிருக்கிறது. பொறுமை உள்ளவர்கள் படிக்கலாம்.

நான் தமிழ் சொல்லிக்கொடுப்பது கேரளத்தில், பாலக்காட்டுச் சித்தூர்ப் பக்கம். (ஆந்திரத்துச் சித்தூர் இல்லை. இணையத்தில் தேடினால் அதுதான் முதலில் வந்து நிற்கும் என்பது எங்கள் ஊர்க்காரர்களின் தீராத வருத்தம்.) கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், வண்ணாமடை, கோவிந்தாபுரம், மீனாட்சிபுரம் என்று எல்லையை ஒட்டிய ஊர்களிலிருந்து பிள்ளைகள் பஸ் பிடித்து வருகிறார்கள். பழைய கொச்சி சமஸ்தானத்தின் கிழக்கு மூலை இது. 1956இல் மொழிவாரியாக மாநிலங்களைப் பிரித்தபோது கேரளத்தோடு நின்றது. வீட்டில் தமிழ், கடைவீதியில் இரண்டும், அரசு அலுவலகத்தில் மலையாளம் என்று இங்கே வாழ்க்கை ஓடுகிறது. தமிழ்வழிப் பள்ளியில் படித்துவிட்டு வருகிற பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு மலையாளமும் எழுதப் படிக்கத் தெரியும்.

2024 ஜூலையில் கேரளத்தில் நான்காண்டுப் பட்டப்படிப்பு தொடங்கியது. கோழிக்கோடு பல்கலைக்கழகத்தின் பாடத்திட்டத்தில் முதல் இரண்டு செமஸ்டர்களில் ஆங்கிலத்தோடு இன்னொரு மொழியும் படிக்க வேண்டும். மூன்று கிரெடிட், 75 மதிப்பெண். அதில் 25 உள்மதிப்பீடு. இங்கே அந்த இன்னொரு மொழியாகத் தமிழை எடுப்பவர்களில் பலர் வணிகவியலும் வேதியியலும் கணிதமும் படிக்க வந்தவர்கள். கவிஞராகவோ பேச்சாளராகவோ ஆகும் உத்தேசம் அவர்களுக்குக் கிடையாது. இவர்களை எழுத வைப்பதுதான் என் வேலை. எனக்கு மணிக்கணக்கில் சம்பளம் தருகிறார்கள். வீட்டில் உட்கார்ந்து தாள் திருத்தும் மணிகள் அந்தக் கணக்கில் வருவதில்லை. அந்தப் புலம்பலை இன்னொரு நாள் வைத்துக்கொள்கிறேன்.

முதல் செமஸ்டர் அசைன்மென்ட் எப்படி வரும் என்று கல்லூரி ஆசிரியர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அட்டையில் ஸ்கெட்ச் பேனாவால் ஒரு விளக்கோ மயிலோ இருக்கும். உள்ளே முன்னுரை, துணைத் தலைப்புகள், ஆங்காங்கே அடிக்கோடிட்ட மேற்கோள்கள், முடிவுரை. கடைசி வரியில் எல்லோரும் ஏதாவது ஓர் உறுதி பூண்டிருப்பார்கள். பள்ளியில் பன்னிரண்டு ஆண்டுகள் பழக்கிய வடிவம் அது. இப்போது கைப்பேசியில் ஒரு வரி கேட்டால் முழுக் கட்டுரையும் வந்துவிடுகிறது. அந்த இயந்திரமும் அப்படியே, அதே மேடைத் தமிழில்தான் எழுதித் தருகிறது. பழைய நோட்ஸ் புத்தகங்களைப் பார்த்துத்தான் கற்றுக்கொண்டதோ என்று சந்தேகம் வரும். முதலமடைக்காரப் பையன் ஒருவன் தன் ஊரைப் பற்றி எழுதிக் கொடுத்ததில் கண்ணுக்கெட்டிய தூரம் வரை நெற்கதிர் தலையாட்டியது. முதலமடை மாந்தோப்புகளுக்குப் பேர்போன ஊர். "உன் வீட்டைச் சுற்றி எங்கேயடா நெல்?" என்று கேட்டதும் சிரித்துவிட்டான். வகுப்பிலேயே உட்கார வைத்துத் திரும்ப எழுதச் சொன்னேன். அரைப் பக்கம்தான் எழுதினான். பூ பிடிப்பதற்கு முன்பே தோப்பைக் குத்தகைக்கு விட்டுவிடுவதால், சொந்த மரத்து மாங்காயைப் பறிக்கவும் குத்தகைக்காரரைக் கேட்க வேண்டும் என்று அதில் ஒரு வரி இருந்தது. அந்த வரியை எந்த இயந்திரமும் அவனுக்கு எழுதிக் கொடுத்திருக்காது.

நான் சொல்ல வந்த மாணவி வணிகவியல் படிக்கிறவள். அப்பாவுக்குக் கால்வாய்ப் பாசனத்தில் கொஞ்சம் நிலம், தென்னையும் நெல்லும். தண்ணீரைப் பற்றி முதலில் அவள் எழுதிய கட்டுரை எட்டுப் பக்கம். 'நீர் உயிர்களின் ஆதாரம்' என்று தொடங்கி, 'ஒவ்வொரு துளியையும் காப்போம் என உறுதி பூணுவோமாக' என்று முடிந்தது. பிழை ஒன்றிரண்டுதான். கையெழுத்து முத்து முத்தாக இருந்தது. பள்ளியில் கட்டுரைப் போட்டிகளில் பரிசு வாங்கியவள் என்று பிறகு தெரிந்தது. எட்டுப் பக்கத்திலும் அவளுடைய வயல் இல்லை, வாய்க்கால் இல்லை, அப்பா இல்லை. அந்தக் கட்டுரையைத் திருநெல்வேலிப் பெண்ணும் எழுதியிருக்கலாம், சிங்கப்பூர்ப் பையனும் எழுதியிருக்கலாம்.

தாளின் ஓரத்தில் ஒரே ஒரு கேள்வி எழுதிக் கொடுத்தேன்: உங்கள் வீட்டுக்குத் தண்ணீர் எப்படி வருகிறது?

அடுத்த வாரம் ஒன்றரைப் பக்கம் வந்தது. அதில் இப்படி இருந்தது: 'எங்கள் கிளைக் கால்வாயில் முறை வரும் இரவில் அப்பா வீட்டில் தூங்குவதில்லை. டார்ச்சும் மண்வெட்டியும் எடுத்துக்கொண்டு மடைக்குப் போய்விடுவார். மேல்மடைக்காரர் கண்ணயர்ந்தால் எங்கள் வயலுக்குக் கொஞ்சம் கூடுதலாகப் பாயும்.'

எட்டுப் பக்கம் எழுதியபோது இல்லாத ஆள் ஒருத்தி இந்த மூன்று வரியில் வந்து உட்கார்ந்துவிட்டாள். மறுபடியும் ஓரத்தில் கேட்டேன்: அப்பா கண்ணயர்ந்தால்?

அதற்கு அவள் எழுதிய பதிலை ஆசிரியர் அறையில் எல்லோருக்கும் படித்துக் காட்டினேன்: 'அப்பா கண்ணயர்ந்தால் கீழ்மடையில் இருக்கும் அத்தையின் வயலுக்குப் பாயும். அதனால் அத்தை வீட்டில் யாரும் அப்பாவை எழுப்புவதில்லை.'

இதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்கு முக்கியம். இரண்டு நாள் கழித்து வந்து, "அத்தை வரியை எடுத்துவிடட்டுமா டீச்சர்? படித்தால் வருத்தப்படுவார்கள்" என்றாள். எடுக்கலாம், வைக்கலாம், உன் விருப்பம் என்றேன். அவள் இரண்டையும் செய்யவில்லை. நேரே அத்தை வீட்டுக்குப் போய்ப் படித்துக் காட்டியிருக்கிறாள். அத்தை விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, "எழுப்பாமல் விட்டது ஒரு தடவைதான், அதையும் சேர்த்து எழுது" என்றாராம். சேர்த்தாள். தான் எழுதுகிற வரியின் மறுமுனையில் உயிருள்ள ஓர் ஆள் இருக்கிறார் என்பது பதினெட்டு வயதில் தெரிந்துவிட்டால், மற்றதெல்லாம் தானாக வரும் என்பது என் கட்சி. ஒற்றுப்பிழையைக் கடைசியில் திருத்திக்கொள்ளலாம். இலக்கணம் தேவையில்லை என்று நான் சொல்வதாக யாரும் கிளம்ப வேண்டாம். மதிப்பெண்ணையும் திருத்தத்தையும் அதிலிருந்தே தொடங்கினால், பிழையில்லாமல் எதையும் சொல்லாமல் இருக்கத்தான் பிள்ளைகள் கற்றுக்கொள்கிறார்கள்.

எல்லைப்புறப் பிள்ளைகளின் தமிழ் கெட்டுப்போய்விட்டது, மலையாளம் கலந்துவிட்டது என்று தமிழ்நாட்டிலிருந்து வருகிறவர்கள் வருத்தப்படுவதைக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது. கலப்பு இருக்கத்தான் செய்கிறது. ழகரத்தை எங்கள் பிள்ளைகள் உச்சரிக்கிற அழகைச் சென்னையில் எத்தனை பேரிடம் கேட்க முடியும் என்று திருப்பிக் கேட்டால் பேச்சு நின்றுவிடும். அது போகட்டும். இரண்டு மொழியில் படிக்கத் தெரிந்ததுதான் இந்தப் பெண்ணுக்கு எழுத்தில் அடுத்த படியைக் காட்டியது.

இரண்டாம் செமஸ்டரில் அதே தண்ணீரை விடாமல் பிடித்துக்கொண்டாள். கோடை தொடங்கினால் எங்கள் பக்கம் ஆழியாற்றுத் தண்ணீர்ப் பேச்சைத் தவிர வேறு பேச்சு இராது. பரம்பிக்குளம்–ஆழியாறு நதிநீர்ப் பங்கீட்டு ஒப்பந்தம் 1970இல் தமிழ்நாட்டுக்கும் கேரளத்துக்கும் இடையே கையெழுத்தானது. அதன்படி ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. தண்ணீர் மணக்கடவு அணைக்கட்டில் கேரளத்துக்குக் கிடைக்க வேண்டும். அங்கிருந்து வருகிற தண்ணீரை மூலத்தறையில் தடுத்துக் கால்வாய்களில் திருப்பிவிடுகிறார்கள். இவள் எழுதிய முதல் வரைவில், தமிழ்நாடு தண்ணீர் தர மறுக்கிறது என்று ஒரே போடாகப் போட்டிருந்தாள். யார் சொன்னது என்று ஓரத்தில் எழுதினேன். நூலகத்தில் மலையாளப் பத்திரிகை என்றாள். தமிழ்ப் பத்திரிகையில் என்ன போட்டிருக்கிறது என்று பார்த்தாயா என்றேன்.

பார்த்துவிட்டுக் குழம்பிப் போய் வந்தாள். ஒன்று கொடுத்த கணக்கை எழுதியிருந்தது; மற்றது கிடைக்காத கணக்கை எழுதியிருந்தது. இரண்டும் ஒரே ஆற்றின் கணக்கு, ஒரே வாரத்துச் செய்தி. ஒரு மொழி மட்டும் படிக்கத் தெரிந்த பிள்ளை தன் பத்திரிகை சொன்னதை எழுதிவிட்டு நிம்மதியாகத் தூங்கியிருக்கும். இவளால் முடியவில்லை. இரண்டு செய்திகளையும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டி, எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை கணக்கிட்டிருக்கிறார்கள் என்று பென்சிலால் குறித்துக்கொண்டு வந்தாள். வணிகவியல் மாணவி அல்லவா, கணக்கு எங்கே தொடங்குகிறது என்று பார்க்கும் கண் அவளுக்கு இருந்தது. தமிழ் வகுப்பில் நான் கற்றுக்கொடுக்காத பாடம் அது.

கடைசி வரைவில் அந்தப் பத்தி இப்படி ஆகிவிட்டது: 'ஒப்பந்தத்தில் 7.25 டி.எம்.சி. என்று இருக்கிறது. அதை மணக்கடவில் அளக்கிறார்கள். எங்கள் மடையில் யாரும் அளப்பதில்லை. அங்கே டார்ச் வைத்திருக்கிறவர் சொல்வதுதான் கணக்கு.'

ஓராண்டில் ஒரு மாணவியின் எழுத்து வளர்ந்தது என்றால் எனக்கு இதுதான் பொருள். எட்டுப் பக்கம் மூன்று பக்கமாகச் சுருங்கியது. யாரோ சொன்னதாக மிதந்துகொண்டிருந்த வாக்கியங்களுக்கெல்லாம் ஆள் வந்து சேர்ந்தார்கள்: இது அப்பா சொன்னது, இது பத்திரிகை சொன்னது, இது நான் கண்டது என்று. தனக்குத் தெரியாத இடத்தில் ஆச்சரியக்குறி போட்டு நிரப்பும் வழக்கமும் நின்றுபோனது.

மாதிரித் தேர்வில் தண்ணீர்ப் பிரச்சினை பற்றியே ஒரு கட்டுரைக் கேள்வி வந்தது. தாளை வேறோர் ஆசிரியர் திருத்தினார். இவள் இதே முறையில், இதே நிதானத்தில் எழுதியிருந்தாள். சிவப்பு மையில் 'முன்னுரை எங்கே?' என்று ஒரு வட்டம். மேற்கோள் இல்லை, துணைத் தலைப்பு இல்லை, பக்கம் போதாது. பாதிக்குச் சற்று மேலே மதிப்பெண். பக்கத்து வரிசைப் பையன் முதல் செமஸ்டர் பாணியிலேயே உறுதி பூண்டு முடித்திருந்தான். அவனுக்கு ஏறக்குறைய முழு மதிப்பெண். திருத்தியவர் கெட்டவர் அல்லர், சோம்பேறியும் அல்லர். கட்டுக்கட்டாகத் தாள் வரும்போது தலைப்புகளைத் தேடி டிக் அடிப்பது எளிது. ஒரு வரியின் முன் நின்று இது உண்மையா, இவளுடையதா என்று கேட்க நேரம் வேண்டும். அந்த நேரத்தை யாரும் கொடுப்பதில்லை.

அவளுக்கும் வருத்தம்தான். "இனிமேல் தேர்வில் பழையபடி எழுதிவிடுகிறேன் டீச்சர், உங்களுக்கு மட்டும் இப்படி எழுதுகிறேன்" என்றாள். புத்திசாலித்தனமான முடிவு என்பதை மறுக்க முடியவில்லை. மதிப்பெண் அவளுக்குத் தேவை. நாளைக்கு வேலைக்குப் போக வேண்டிய பெண். சரி என்றேன். ஆனால் எனக்குப் பொறுக்கவில்லை, அதனால்தான் இந்தப் பதிவு.

உள்மதிப்பீட்டு 25 மதிப்பெண்ணில் பாதியையாவது வரைவுகளுக்குக் கொடுங்கள் என்று துறைக் கூட்டத்தில் கேட்டேன். முதல் வரைவு, அதன் மேல் கேட்ட கேள்விகள், திருத்திய வரைவு என்று எல்லாவற்றையும் ஒரு கோப்பில் நூல் கட்டி வைக்கட்டும். செமஸ்டர் முடிவில் முதல் தாளையும் கடைசித் தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து மதிப்பெண் போடுவோம் என்றேன். யார் உட்கார்ந்து பார்ப்பது என்று ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான். அறுபது பேர் வகுப்பில் ஒவ்வொருவருக்கும் மூன்று வரைவு என்றால் மலைப்பாகத்தான் இருக்கும். ஒரு வரைவுக்கு ஓரத்தில் ஒரு கேள்வி போதும், முழுக்கத் திருத்த வேண்டியதில்லை என்று என் அனுபவத்தைச் சொன்னேன். கைப்பேசியில் எழுதி வாங்கும் சிக்கலும் இதில் பெருமளவு தீர்ந்துவிடும். அப்பா கண்ணயர்ந்தால் என்ன ஆகும் என்று கேட்டால் இயந்திரம் ஏதாவது ஒரு பதில் சொல்லும். அதை அத்தையிடம் எடுத்துக்கொண்டு போய்ப் படித்துக் காட்ட வேண்டியது பிள்ளைதானே. பரிசீலிப்போம் என்று கூட்டக் குறிப்பில் எழுதிக்கொண்டார்கள்.

இங்கே சித்தூரில் ஆற்றங்கரையில் எழுத்தச்சனின் குருமடம் இருக்கிறது. மலையாளத்தின் தந்தை என்று போற்றப்படுகிறவர் கடைசிக் காலத்தைக் கழித்த இடம். விஜயதசமி அன்று கைக்குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு வந்து அரிசியில் முதலெழுத்து எழுத வைக்கிறார்கள். தமிழ்க் குடும்பங்களும் வருவதைப் பார்த்திருக்கிறேன். குழந்தையின் விரலைப் பிடித்து ஒருவர் எழுதுகிறார். அந்த வயதில் அது சரி. பதினெட்டு வயதிலும் நாம் அந்த விரலை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறோம்.

ஜூலையில் புதிய வகுப்பு வரும். துறை பரிசீலித்து முடிக்கும்வரை நான் காத்திருக்கப் போவதில்லை. என் கையில் இருக்கிற அசைன்மென்ட் மதிப்பெண்ணையாவது வரைவுகளுக்குக் கொடுக்கப் போகிறேன். அட்டைக்கும் அலங்காரத்துக்கும் ஒரு மதிப்பெண்கூடக் கிடையாது என்று முதல் நாளே சொல்லிவிடுவேன். இந்தப் பக்கத்துப் பெற்றோர் யாராவது இதைப் படித்தால், ஸ்கெட்ச் பேனா வாங்கும் காசை மிச்சப்படுத்துங்கள். அசைன்மென்டுக்காகப் பிள்ளை வந்து உங்கள் வயலையும் கடையையும் கடனையும் பற்றி ஏதாவது கேட்டால், "படிக்கிற பிள்ளைக்கு இதெல்லாம் எதற்கு" என்று விரட்டாதீர்கள்.