கிட்டி போட ஆள் இல்லை

அமெரிக்காவில் இருக்கும் என் மாமா பையன் போன ஞாயிற்றுக்கிழமை பேசினான். ஆபீஸில் அவனோடு வேலை பார்க்கிற ஒருவருக்கு ஒரே வருத்தமாம். வருஷா வருஷம் மான் வேட்டைக்குப் போகிற குடும்பம், தாத்தா காலத்துத் துப்பாக்கி வீட்டில் இருக்கிறது, மகன் மட்டும் வர மாட்டேன் என்று அறைக் கதவைச் சாத்திக்கொள்கிறானாம். அங்கே இது வீட்டுக் கவலை மட்டும் இல்லை, நாட்டுக் கவலை. 2011இல் 1 கோடியே 37 லட்சம் பேர் வேட்டைக்குப் போன நாட்டில், 2016இல் 1 கோடியே 15 லட்சம் பேர்தான் போனார்கள். போகட்டுமே, மானுக்கு நல்லதுதானே என்று கேட்டேன். அப்படி இல்லையாம். 1934இலிருந்து வாத்து வேட்டைக்குப் போகிறவர்கள் ஒரு ஸ்டாம்ப் வாங்கியாக வேண்டும், அந்தக் காசில்தான் அரசாங்கம் சதுப்பு நிலங்களை வாங்கிப் பாதுகாக்கிறது. துப்பாக்கி, தோட்டா மேல் வசூலிக்கிற வரியும் 1937இல் வந்த ஒரு சட்டப்படி காட்டு விலங்குகளுக்கே போகிறது. ஆக, வேட்டைக்காரன் குறைந்தால் வாத்துக்குக் கஷ்டம்!

"நம்ம ஊர்ல எப்படி மச்சான்?" என்றான். "இங்க வேட்டைக்குப் போனா ஜெயில்தான்" என்று சிரித்துவிட்டு வைத்துவிட்டேன். அப்புறம் ராத்திரி படுத்தபோதுதான் தோன்றியது, நான் சொன்னதில் பாதிதான் சரி.

முதலில் ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். நான் மடையான் கொக்குக் கறி தின்று வளர்ந்தவன். வடுவூர் ஏரிக்குச் சைக்கிளில் போய்வரும் தூரத்தில் ஊர். அரைக்கால் சட்டைப் பையில் உண்டிவில்லும் கூழாங்கல்லும் இல்லாமல் எங்கள் செட்டில் எவனும் வெளியே கிளம்ப மாட்டான். நடவு முடிந்த வயலில் கண்ணி வைப்போம், கம்புள் கோழி முட்டை எடுப்போம், உள்ளான் குருவி கிடைத்த நாள் தீபாவளி. 1972லேயே வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்துவிட்டது. எங்களுக்கு யாரும் சொல்லவில்லை, சொல்லியிருந்தாலும் கேட்டிருக்க மாட்டோம். அந்தச் சட்டத்தைப் பின்னாளில் படித்துப் பார்த்தபோது தூக்கிவாரிப் போட்டது. சுடுவது மட்டுமல்ல, கண்ணி வைப்பது, பிடிப்பது, விரட்டுவது, முட்டை எடுப்பது, கூட்டைக் கலைப்பது எல்லாமே வேட்டைதான். அந்தக் கணக்கில் எங்கள் பள்ளிக்கூடத்தில் பாதிப் பேர் குற்றவாளிகள். 1991 திருத்தத்தோடு, லைசென்ஸ் வாங்கி வேட்டையாடலாம் என்றிருந்த வழியும் அடைபட்டது. 2022இல் அபராதத்தின் உச்சவரம்பை 25 ஆயிரத்திலிருந்து 1 லட்சமாக ஏற்றினார்கள்.

பறவை வேட்டை முடிந்தது, முடியத்தான் வேண்டும், அதில் எனக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் கிடையாது. 1999இல் வடுவூர் சரணாலயமானது. 2022இல் வடுவூருக்கும் உதயமார்த்தாண்டபுரத்துக்கும் உலகின் முக்கியமான ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் இடம் கிடைத்தது, கோடியக்கரைக்கு 2002லேயே கிடைத்துவிட்டது. டிசம்பர் மாதம் ஏரிக்கரையில் நின்று பாருங்கள், எங்கிருந்தோ வந்து இறங்கியிருக்கும் வாத்துக் கூட்டத்தை ஒரு வேளைக் குழம்புக்காக அடிக்க யாருக்கு மனசு வரும்? வருகிறதே. இன்றைக்கும் ரோட்டோரம் காலைக் கட்டித் தலைகீழாகத் தொங்கவிட்டு விற்கிறார்கள். மாட்டிக்கொண்டால் விற்கிறவர் மாட்டுகிறார். காரை நிறுத்தி, கண்ணாடியை இறக்கி, "நாலு குடு" என்று வாங்கிப் போகிறவர் மேல் ஒரு கேஸ்கூட விழுவதில்லை. அவர் பசிக்கு வாங்கவில்லை, சரக்குக்குத் தொட்டுக்கொள்ள வாங்குகிறார். சட்டம் முதலில் அந்தக் கண்ணாடியைத் தட்டியிருக்க வேண்டும் என்பது என் கருத்து.

சரி, நான் எழுத உட்கார்ந்தது எலியைப் பற்றி.

டெல்டாவில் சட்டத்துக்கு உட்பட்டு இன்னும் உயிரோடு இருக்கிற வேட்டை என்றால் எலி வேட்டைதான். எலியைக் காப்பாற்றச் சட்டம் இல்லை. 2022 திருத்தம் வரைக்கும் காகம், பழந்தின்னி வௌவாலோடு சேர்த்து எலிக்கும் தொல்லைப் பிராணிகள் என்று தனி அட்டவணையே இருந்தது. சம்பா கதிர் பால் பிடிக்கிற சமயத்தில் எலி இறங்கினால் என்ன ஆகும் என்று விவசாயம் பார்த்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தின்பதைவிட வெட்டிப் போடுவது அதிகம், போதாததற்கு வளைக்குள் கதிர் கதிராகக் கொண்டுபோய் அடுக்கிவைக்கும். எங்கள் தாத்தாவுக்கும் அப்பாவுக்கும் எனக்கும் அதற்கு ஒரே வைத்தியம் கிட்டிதான். தஞ்சாவூர்க் கிட்டி என்றால் வெளியூர் விவசாய அதிகாரிகளுக்கும் தெரியும். பிளந்த மூங்கிலை வில்லாக வளைத்து, நாண் கட்டி, நடுவில் தீனி வைத்த ஒரு சின்னக் குச்சியை முட்டுக்கொடுத்து நிறுத்துவார்கள். எலி தீனியைக் கடித்ததும் குச்சி நழுவும், நாண் கழுத்தை இறுக்கும். கரண்ட் வேண்டாம், மருந்து வேண்டாம், அடுத்த வருஷமும் அதே கிட்டி.

எங்களுக்குக் கிட்டி போட ஒருவர் வருவார். பெயர் வேண்டாம், ஊரில் எல்லோருக்கும் அவர் கிட்டிக்காரர்தான். சாயங்காலம் ஒரு கட்டுக் கிட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு வருவார். விடியற்காலை நாயும் காக்காயும் வருவதற்குள் எடுத்துவிடுவார். எலிக்கு இவ்வளவு என்று எண்ணிக் கூலி. சின்ன வயதில் அவர் பின்னாலேயே வரப்பில் நடந்ததுதான் நான் படித்த படிப்பிலேயே உருப்படியானது. ஒரு வளையைக் காட்டி "இது என்ன தம்பி?" என்பார். எலி என்பேன். "உருண்டை உருண்டையா சேறு உருட்டி வச்சிருக்கு பாரு, நண்டு" என்பார். அடுத்த வளையில் மண் குப்பலாகக் கிடக்கும், வாய் அடைத்திருக்கும். ஒரு சிட்டிகை எடுத்து விரலில் தேய்த்து, "ஈரம் காயலை. ஆள் உள்ளதான் இருக்காரு" என்பார். எலியை அவர் எப்போதும் மரியாதையாகத்தான் பேசுவார்! அப்புறம் பத்தடி தள்ளிப் போய் ஓரிடத்தில் கட்டைவிரலால் அழுத்துவார், மண் பொசுக்கென்று உள்ளே போகும். அது எலியின் கொல்லைக் கதவு. மேலே மெல்லிசாக மண்ணை மட்டும் விட்டுவைத்திருக்கும், ஆபத்து என்றால் முட்டிக்கொண்டு ஓட. அந்தக் கதவைக் கண்டுபிடிக்காமல் முன்வாசலில் மண்வெட்டி போடுகிறவனை அவர் வேட்டைக்காரன் கணக்கிலேயே சேர்க்க மாட்டார்.

வெள்ளையாகக் காய்ந்த கதிர் இழுத்ததும் கையோடு வந்தால் குருத்துப்பூச்சி, தண்டு அடியில் சாய்வாக அறுபட்டிருந்தால் எலி. வரப்பை அகலமாகப் போட்டால் எலிக்கு நாமே மாடி வீடு கட்டிக் கொடுத்த மாதிரி. வயலுக்குள் தென்னை மட்டையைத் தலைகீழாக ஊன்றிவைத்தால் ராத்திரி ஆந்தை வந்து உட்காரும், அது ஒரு சம்பளமில்லாத ஆள். இதெல்லாம் அவர் வாயிலிருந்து வந்ததுதான். விவசாயிகளுக்கான பயிற்சிக் கூட்டத்தில் இதே விஷயங்களைப் படம் போட்டுக் காட்டியபோது எனக்குச் சிரிப்பாக வந்தது.

இப்போது அவருக்கு வயதாகிவிட்டது, முழங்கால் வலி. போன சம்பாவுக்கு வரவில்லை. நான் என்ன செய்தேன் தெரியுமா? எல்லோரையும் போல மருந்துக் கடைக்குப் போய் எலி மருந்து வில்லை வாங்கிவந்து வளைக்கு வளை போட்டேன். எலி குறைந்தது, பொய் சொல்லவில்லை. ஆனால் நாலாம் நாள் காலையில் மோட்டார் கொட்டகைக்குப் பின்னால் ஒரு கூகை இறக்கையை விரித்தபடி கிடந்தது. அந்த வெள்ளை முகம், இதய வடிவில். மருந்து தின்ற எலியைத் தின்றுதான் செத்ததா என்று நான் சோதனைச் சாலைக்கு அனுப்பவில்லை, அனுப்பாமலே எனக்குத் தெரியும். உண்டிவில்லால் நான் அடித்த பறவைகள் எத்தனையோ, ஒன்றுக்கும் அப்படிக் குற்ற உணர்ச்சி வந்ததில்லை. இதற்கு வந்தது. இன்னொரு பக்கம், எலிக்கென்று கம்பி இழுத்துக் கரண்ட் கொடுத்து, தண்ணீர் பாய்ச்சப் போன மனுஷனே செத்துக் கிடக்கும் செய்தியும் அவ்வப்போது வருகிறது. வேட்டைக்காரன் போன இடத்தில் விஷமும் கரண்டும் வந்து உட்கார்ந்துவிட்டன. இதைத்தான் நான் மாமா பையனிடம் சொல்லாமல் விட்டது.

"அப்ப கிட்டிக்காரர் மகனைக் கூப்பிட வேண்டியதுதானே?" என்று கேட்பீர்கள். கூப்பிட்டேன். திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறான். போனில் மரியாதையாகத்தான் பேசினான். "அண்ணே, பள்ளிக்கூடத்துல என்னை எலிக்குட்டின்னுதான் கூப்பிட்டானுவ. எம்புள்ளைக்கு அது வேண்டாம்ணே." அதற்கு மேல் நான் என்ன பேச? அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டவர்களில் எங்கள் தெருப் பையன்களும் உண்டு.

அதனால் 'ஐயோ, பாரம்பரிய அறிவு அழிகிறதே' என்று நிலமுள்ளவர்கள் நாம் உட்கார்ந்து புலம்புவதில் எனக்கு ஒப்புதல் இல்லை. வளையைத் தோண்டி எலி சேர்த்த நெல்லை அள்ளிப் போய்க் குத்திக் கஞ்சி வைத்த வீடுகள் இதே டெல்டாவில் இருந்தன. நம் களத்தில் மூட்டை மூட்டையாகக் கிடந்தபோதுதான் இருந்தன. பசியில் பிறந்த வித்தையை அந்தப் பசி தெரிந்தவன் தூக்கிப் போட்டுவிட்டுப் போகிறான் என்றால் அது அவன் உரிமை. நீ தொடர்ந்து செய், நாங்கள் பாராட்டுகிறோம் என்று சொல்ல நாம் யார்?

ஆனால் வித்தை சாக வேண்டியதில்லை என்பதற்கு நம் மாநிலத்திலேயே உதாரணம் இருக்கிறது. பாம்புத் தோல் வியாபாரத்துக்குத் தடை வந்தபோது இருளர்களின் பிழைப்பே போனது. 1978இல் அவர்களுக்கென்று பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் வந்தது, மாமல்லபுரம் பக்கம் வடநெம்மேலியில். பாம்பைக் கொல்வதில்லை. பிடித்து, விஷம் எடுத்து, திரும்ப விட்டுவிடுகிறார்கள். பாம்புக்கடி மருந்து தயாரிக்க அந்த விஷம் போகிறது. அதே கண், அதே கை, வேலை மட்டும் வேறு. வடிவேல் கோபால், மாசி சடையன் என்று அவர்களில் இரண்டு பேரை அமெரிக்காவுக்கே அழைத்து மலைப்பாம்பு பிடிக்கச் சொன்னார்கள். 2023இல் இருவருக்கும் பத்மஸ்ரீ. எலிக்கும் பத்மஸ்ரீ கொடுங்கள் என்று நான் கேட்கவில்லை. உரம், மருந்துக்கு மானியம் கொடுக்கிற மாதிரி கிட்டி போடுகிற ஆளுக்கு ஏக்கருக்கு இவ்வளவு என்று கௌரவமான கூலி கொடுத்தால் என்ன? அந்த வேலைக்கு யார் வீட்டுப் பிள்ளை வேண்டுமானாலும் வரட்டும். ஒரு தெருவுக்கு மட்டும் எழுதிவைத்த வேலையாக இருக்கிறவரை அதற்கு எதிர்காலம் கிடையாது, இருக்கவும் கூடாது.

ஊருக்கு உபதேசம் பண்ணுவதற்கு முன்னால் என் வீட்டைப் பார்த்தேன். என் மகன் ஒன்பதாவது படிக்கிறான். நண்டு வளைக்கும் எலி வளைக்கும் வித்தியாசம் கேட்டால் என்னையே திரும்பிப் பார்ப்பான். பொங்கல் லீவில் அவனைக் கிட்டிக்காரர் வீட்டுக்குக் கூட்டிப் போனேன். "ஐயா, இவனுக்குக் கட்டக் கத்துக்கொடுங்க" என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "உங்க வூட்டுப் புள்ளையா?" என்றார். ஆமாம் என்றேன். அந்தக் கேள்விக்குள் என்னென்ன இருந்தது என்று எனக்குத் தெரியும், அதனால் தலையைக் குனிந்துகொண்டேன். திண்ணையில் உட்காரச் சொல்லி, மூங்கில் சிம்பை வளைத்து இவன் கையில் கொடுத்தார். முதல் தடவை குச்சி நழுவி நாண் சுண்டி இவன் சுண்டுவிரலில் விழுந்தது, அலறிவிட்டான்.

ஒரு மாதம் போராடி ஏழு கிட்டி கட்டினான். உளுந்து வயல் ஓரமாக அவனே போட்டான். காலையில் இருட்டோடு டார்ச் எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்தோம். ஆறில் ஒன்றுமில்லை. ஏழாவதில் தீனி மட்டும் போயிருந்தது, கிட்டி விரைப்பாக அப்படியே நின்றது. பையன் முகம் விழுந்துவிட்டது. கிட்டியை எடுத்துக்கொண்டு நேரே கிட்டிக்காரரிடம் போனோம். அவர் பல் விளக்கிக்கொண்டிருந்தார். வாங்கிக் குச்சியைச் சுண்டுவிரலால் ஒரு ஆட்டு ஆட்டிப் பார்த்தார்.

"முட்டு ஆழமா குடுத்திருக்க. அவரு பந்தியில உக்காந்து சாப்டுட்டுப் போயிருக்காரு."