பிரசவ விருப்பக் குறிப்பு: பாதி டாக்டருக்கு, பாதி நம் வீட்டுக்கு

பிரசவத்துக்குப் போகும் பெண் தனக்கு என்ன வேண்டும், குழந்தைக்கு என்ன வேண்டும் என்பதை ஒரு தாளில் எழுதி முன்கூட்டியே டாக்டரிடம் கொடுத்துவிட வேண்டும் என்று நான் சொல்லும்போதெல்லாம், "டாக்டருக்கே சொல்லிக் கொடுக்கப் போறியா?" என்றுதான் பதில் வருகிறது. அப்படிக் கேட்பவர்களில் பெரும்பாலோர் பிள்ளை பெற்ற பெண்கள். அதுதான் எனக்கு வேதனை. லேபர் வார்டில் தங்களிடம் யாரும் எதையும் கேட்கவில்லை என்பது அவர்களுக்கு நன்றாகவே நினைவிருக்கிறது. கேட்க மாட்டார்கள், அதுதான் வழக்கம் என்று மனசைப் பழக்கிக்கொண்டுவிட்டார்கள்.

உலக சுகாதார நிறுவனம் 2018இல் வெளியிட்ட பிரசவகாலப் பராமரிப்புப் பரிந்துரைகளை எடுத்துப் பாருங்கள். சிக்கல் இல்லாத பிரசவத்தில் வலி வந்த பெண் எழுந்து நடக்கலாம், தண்ணீர் குடிக்கலாம், லேசாகச் சாப்பிடலாம். அவள் விரும்பும் ஒருவர் கடைசிவரை கூடவே இருக்கலாம். எனிமாவும் ஷேவிங்கும் எல்லோருக்கும் வழக்கமாகச் செய்யத் தேவையில்லை. கீழே கத்தரித்துத் தையல் போடுவதும் அப்படித்தான். குழந்தை வெளியே வருவதற்காக மேல்வயிற்றை அமுக்க வேண்டாம். இத்தனையும் அதில் இருக்கிறது. நம் ஊர் லேபர் வார்டுகளில் இதற்கு நேர்மாறாக நடந்ததைச் சொல்லும் பெண்கள் எனக்குத் தெரிந்தே நிறையப் பேர். ஆக, தாளில் எழுதிக் கொடுப்பவள் புதிதாக எதையும் கேட்கவில்லை. மருத்துவம் ஏற்கெனவே ஒப்புக்கொண்டதை எனக்கும் செய்யுங்கள் என்கிறாள், அவ்வளவுதான்.

ஒன்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன். 2018இல் திருப்பூரில் வீட்டிலேயே பிரசவம் பார்க்கப் போய் ஓர் இளம்பெண் இறந்த செய்தியை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். நான் சொல்லும் குறிப்பு அந்த வழிக்குப் போவதற்கல்ல. மருத்துவமனையில்தான் பிரசவம் நடக்க வேண்டும். குழந்தை பிறந்ததும் ரத்தப்போக்கைத் தடுக்கத் தாய்க்குப் போடும் ஊசி, குழந்தைக்குப் போடும் வைட்டமின் கே, பிசிஜி, போலியோ சொட்டு மருந்து, 24 மணி நேரத்துக்குள் போட வேண்டிய மஞ்சள் காமாலைத் தடுப்பூசி எதையும் மறுக்கச் சொல்லும் ஆள் நான் இல்லை. இவற்றையெல்லாம் விருப்பப் பட்டியலில் சேர்க்கவே கூடாது.

என் தங்கை வளைகாப்பு முடிந்து பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்தபோது அவளும் நானும் உட்கார்ந்து எழுதினோம். ஒரே தாள், முன்பக்கம் டாக்டருக்கு, பின்பக்கம் வீட்டுக்கு. தமிழில், பெரிய எழுத்தில். தமிழில் எழுதியதற்குக் காரணம் உண்டு. டாக்டர் செக்கப்பில் படிப்பார். ஆனால் ராத்திரி இரண்டு மணிக்கு லேபர் வார்டில் பக்கத்தில் நிற்கப்போவது டியூட்டி சிஸ்டரும் ஆயாம்மாவும்தான். அவர்களுக்கும் படித்தவுடன் புரிய வேண்டும்.

எட்டாம் மாதச் செக்கப்பில் அதைக் கொடுத்தோம். டாக்டர் முழுதாகப் படித்தார். பிறகு பேனாவை எடுத்து ஒரு வரியை அடித்தார். "கையில் ஊசி குத்தி வைக்க வேண்டாம்" என்று தங்கை எழுதியிருந்த வரி அது. "வென்ஃப்ளான் போட்டு வெச்சிருவேன்மா. தேவையில்லாம ட்ரிப்ஸ் ஏத்த மாட்டேன். ஆனா திடீர்னு ரத்தம் போக ஆரம்பிச்சா அப்போ நரம்பு கிடைக்காது, அதைத் தேடிட்டு இருக்க முடியாது" என்றார். தங்கை உடனே சரி என்றாள். இன்னொரு வரியில், மல்லாந்து படுத்து முக்கச் சொல்ல வேண்டாம் என்று இருந்தது. அதற்கு, "கட்டில்லதான், ஆனா ஒருக்களிச்சுப் படுத்துக்கலாம், அதுல எனக்கு ஒண்ணும் பிரச்சினை இல்லை" என்றார். மற்றவற்றுக்கு டிக் போட்டுக் கீழே கையெழுத்தும் போட்டு, கேஸ் ஷீட்டில் வைக்கச் சொன்னார். மொத்தமும் ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது. எது முடியும், எது முடியாது, ஏன் முடியாது என்று வலி இல்லாத நேரத்தில் பேசி முடித்த அந்த ஐந்து நிமிடத்துக்காகத்தான் நான் இவ்வளவு வாதாடுகிறேன். வலியில் துடிக்கும்போது வென்ஃப்ளான் ஏன் என்று ஒருத்தி கேட்டால், அவளை அடங்காதவள் என்பார்கள்.

எல்லா டாக்டர்களும் இப்படி இருப்பார்களா? இருக்க மாட்டார்கள். தாளைப் படிக்காமலே திருப்பிக் கொடுத்த டாக்டரைப் பற்றியும் ஒரு தோழி சொன்னார். அந்தத் தோழி ஏழாம் மாதத்திலேயே கொடுத்ததால் வேறு டாக்டரைப் பார்க்க அவகாசம் இருந்தது.

அடுத்தது சிசேரியன். இந்தப் பகுதியை எழுதவே பல பெண்கள் பயப்படுகிறார்கள். எழுதினால் நடந்துவிடும் என்பதுபோல. 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 100 பிரசவங்களில் கிட்டத்தட்ட 45 சிசேரியன். தனியார் மருத்துவமனைகளை மட்டும் எடுத்தால் ஏறக்குறைய 64. இந்த எண்ணிக்கையைப் பற்றிய என் கோபத்தைத் தனிப் பதிவாக எழுத வேண்டும். ஆனால் சுகப்பிரசவத்துக்கு மட்டும் குறிப்பு எழுதுகிறவள், பாதிக்குப் பாதி நடக்கக்கூடிய ஒன்றை எழுதாமல் விடுகிறாள் என்பது உண்மை.

என் தங்கைக்கும் கடைசியில் சிசேரியன்தான் ஆனது. வலி வந்து பல மணி நேரம் கழித்துக் குழந்தையின் இதயத்துடிப்பு இறங்க ஆரம்பித்தது, டாக்டர் காத்திருக்கவில்லை. நடப்பது, ஒருக்களித்துப் படுப்பது பற்றியெல்லாம் எழுதிய வரிகளுக்கு அப்புறம் வேலை இல்லை. ஆனால் சிசேரியன் ஆனால் என்று தாளின் கீழ்ப்பாதியில் எழுதியிருந்தது ஒவ்வொன்றாக நடந்தது. குழந்தை அழுததும் துடைத்து, அவள் கன்னத்தோடு கன்னம் வைத்துக் காட்டினார்கள். அவளுக்குத் தையல் போட்டு முடிக்கும்வரை குழந்தையைத் தனியாகத் தொட்டிலில் போடாமல் தங்கை வீட்டுக்காரரிடம் கொடுத்தார்கள். சட்டையைக் கழற்றிவிட்டு வெறும் நெஞ்சில் குழந்தையை அணைத்துக்கொண்டு, மேலே ஒரு டவலைப் போர்த்திக்கொண்டு, பேசாமல் உட்கார்ந்திருந்தார் அந்த மனிதர். தங்கை வெளியே வந்ததும் படுத்தபடியே பால் கொடுக்க ஒரு சிஸ்டர் கூடவே நின்று உதவினார். அந்த உதவியையும் எழுதிக் கேட்டிருந்தோம். சிசேரியன் ஆன பெண்ணுக்குக் குழந்தையைத் தூக்கி மார்பில் சரியாகப் பிடிக்க வைக்க ஆள் வேண்டும். ஆள் இல்லாவிட்டால் பாலாடையும் பவுடர் பாலும் தானாக வந்து நிற்கும். அதே கணக்கெடுப்பில், பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால் கிடைத்த குழந்தைகள் தமிழ்நாட்டில் 60 சதவீதம்தான். ஏறக்குறைய எல்லாப் பிரசவமும் மருத்துவமனையில் நடக்கும் மாநிலத்தில்!

பவுடர் பால் கொடுக்கவே கூடாது என்று எழுதச் சொல்லவில்லை. தாய்க்குச் சர்க்கரை இருந்தால் குழந்தைக்கு ரத்தச் சர்க்கரை இறங்கலாம், அப்போது பால் உடனே உள்ளே போயாக வேண்டும். "முதலில் என் பால், முடியாவிட்டால் பீய்ச்சிய பால், அடுத்துத் தாய்ப்பால் வங்கியில் கிடைத்தால் அது, அதற்கும் பிறகுதான் பவுடர் பால், அதுவும் எங்களிடம் சொல்லிவிட்டு" என்று வரிசையாக எழுதுங்கள். முதல் நாளில் குழந்தைக்கு ஒரு தடவைக்குச் சில மில்லி சீம்பால் போதும். "பால் ஊறலை" என்ற பேச்சு பிறந்த அன்றைக்கே ஆரம்பிப்பதற்கு இதைத் தெரிந்துகொள்ளாததுதான் காரணம்.

இந்தப் பேச்சைப் பெரும்பாலும் ஆரம்பிப்பது மருத்துவமனை அல்ல, நாம்தான். நான் சொல்ல வந்த முக்கியமான விஷயமே இதுதான். விருப்பக் குறிப்பு என்றால் டாக்டருக்கு எதிராக எழுதுவது என்று நினைக்கிறோம். ஆனால் குழந்தை விஷயத்தில் பாதித் தலையீடு வார்டுக்கு வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் காத்திருக்கும் நம் சொந்தங்களிடமிருந்துதான் வருகிறது. சேனை வைக்க வேண்டும் என்று சர்க்கரைத் தண்ணீரோ தேனோ கொண்டுவருவார்கள். கழுதைப் பால் ஒரு சங்கு புகட்டினால் நோய் வராது என்பார்கள். அன்றைக்கே குளிப்பாட்டிப் பவுடர் போட்டு மை வைக்கச் சொல்வார்கள். தொப்புளில் எதையாவது தடவுவார்கள். எல்லாமே பாசத்தில்தான். ஆனால் ஒரு வயதுக்குள் தேன் கொடுத்தால் பொட்டுலிசம் என்ற கொடிய நச்சு நோய் வர வாய்ப்பு உண்டு. முதல் குளியலை 24 மணி நேரம் தள்ளிப்போடச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம், குழந்தையின் உடம்புச் சூடு இறங்கிவிடும் என்பதற்காக. தொப்புள் காய்ந்து தானாக விழ விட்டாலே போதும்.

பெரியவர்களிடம் இதை ஆபரேஷன் தியேட்டர் வாசலில் வைத்துச் சொன்னால் சண்டைதான் வரும். என் தங்கை அந்தத் தாளின் இரண்டாவது பக்கத்தைத் தன் மாமியாருக்கும் எங்கள் பெரியம்மாவுக்கும் பிரசவத்துக்கு முன்பே உட்கார்ந்து வாசித்துக் காட்டினாள். "அத்தை, உங்களுக்குப் பிடிக்காதது இதுல எது?" என்று கேட்டாள். அத்தைக்குச் சேனைதான் பிரச்சினை. நல்ல மனசுள்ளவர் கையால் சேனை வைத்தால் அந்தக் குணம் பிள்ளைக்கு வரும் என்று அவர்கள் பக்கத்தில் நம்பிக்கை. தங்கை வீட்டுக்காரரின் தாத்தாதான் வைக்க வேண்டும் என்று முடிவாகியிருந்தது. பேசிப் பேசி ஒரு வழிக்கு வந்தார்கள். தாத்தா வந்தார். கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு குழந்தையின் நெற்றியைத் தொட்டு ஏதோ முணுமுணுத்தார். கொண்டுவந்த சர்க்கரையை நின்றிருந்த எங்கள் எல்லோர் கையிலும் கொடுத்தார். அவருக்கும் குறை இல்லை, குழந்தையின் வாயிலும் எதுவும் போகவில்லை.

நல்ல நேரம் பார்ப்பதையும் இந்தப் பக்கத்திலேயே எழுதுங்கள். ஜோசியர் குறித்த நாளுக்காக, மருத்துவக் காரணம் ஏதும் இல்லாமல் 39 வாரம் முடிவதற்குள் குழந்தையை எடுத்தால் மூச்சுத் திணறலோடு இன்குபேட்டருக்குப் போகும் வாய்ப்பு கூடுகிறது. எந்த லக்கினத்துக்காகவும் அந்த ஆபத்தை ஏற்கக் கூடாது.

இன்னொரு தொல்லை, தொப்புள்கொடி ரத்தத்தைப் பணம் கட்டிச் சேமித்து வைக்கச் சொல்லி வரும் தனியார் நிறுவன ஆட்கள். ஸ்கேனுக்குக் காத்திருக்கும் கர்ப்பிணியிடம் ஆயிரக்கணக்கில் விலை பேசுவார்கள், பயமுறுத்தவும் செய்வார்கள். வியாபாரத்துக்காக நடக்கும் இந்தச் சேமிப்பை இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமே பரிந்துரைக்கவில்லை. குழந்தை நன்றாக இருந்தால் தொப்புள்கொடியை ஒரு நிமிடமாவது பொறுத்துக் கட்டினாலே போதும், அந்த ரத்தம் குழந்தைக்கே போய்ச் சேரும், இரும்புச் சத்து கூடும். அதற்கு ஒரு பைசா செலவில்லை. இதை மறக்காமல் எழுதுங்கள்.

அப்புறம் கையெழுத்து. நம் ஊரில் கர்ப்பிணி சுயநினைவோடு படுத்திருப்பாள், பேப்பரை வெளியே கொண்டுபோய்க் கணவரிடம் கையெழுத்து வாங்குவார்கள். 2008இல் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் தீர்ப்பு சொன்னது. பரிசோதனைக்காக மயக்க மருந்து கொடுக்கப்பட்டிருந்த பெண்ணின் கர்ப்பப்பையை, வெளியே இருந்த அவர் அம்மாவிடம் சம்மதம் வாங்கி எடுத்துவிட்டார்கள். உயிருக்கு ஆபத்தான அவசரம் இல்லாதபோது, வயது வந்த பெண்ணுக்காக அவர் அம்மா கொடுத்த சம்மதம் செல்லாது என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. அம்மாவுக்கே இல்லாத உரிமை கணவருக்கு மட்டும் எப்படி வரும்? "நான் நினைவோடு இருக்கும்வரை என்னிடம் கேளுங்கள், எனக்கு விளக்கிச் சொல்லி என்னிடமே கையெழுத்து வாங்குங்கள்" என்பது எங்கள் தாளின் முதல் வரி. டாக்டர் முதலில் டிக் போட்டதும் அதற்குத்தான்.

இதெல்லாம் தனியார் மருத்துவமனைக்குப் போகிறவர்களுக்குச் சரி, அரசு மருத்துவமனைக் கூட்டத்தில் தாளை யார் படிப்பார்கள் என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. ஒரே ராத்திரியில் வரிசையாகப் பிரசவம் பார்க்கும் சிஸ்டரிடம் ஒரு பக்கத்தை நீட்ட முடியாது. ஆனால் அங்கேதான் அரசின் விதிகளே உங்கள் பக்கம் இருக்கின்றன. அரசு மருத்துவமனைகளில் பிரசவத் துணையாக ஒரு பெண் உறவினர் கூட இருக்கலாம் என்று மத்திய சுகாதார அமைச்சகம் 2016இல் அனுமதித்தது. தமிழ்நாட்டில் அதற்குப் பல ஆண்டுகள் முன்பே இந்த ஏற்பாடு உண்டு. லேபர் வார்டுகளின் தரத்தை உயர்த்த மத்திய அரசு 2017 இறுதியில் கொண்டுவந்த லக்ஷ்யா திட்டமும் லேபர் வார்டில் பெண்ணை மரியாதையோடு நடத்துவதைத் தரத்தின் ஓர் அங்கமாகவே வைத்திருக்கிறது. அதனால் அங்கே மூன்றே மூன்று வரி எழுதுங்கள். ஒன்று, கூட இருக்கப்போகிறவரின் பெயர். இரண்டு, "குழந்தை அழுதால் உடனே என் நெஞ்சில் போடுங்கள், எடை பார்ப்பது பிறகு". மூன்று, பிரசவம் முடிந்ததும் கர்ப்பப்பைக்குள் வைக்கும் கருத்தடைச் சாதனத்தைப் பற்றி: "காப்பர்-டி என்னிடம் கேட்டு, நான் சரி என்றால் மட்டும்". அந்தத் துண்டுத் தாளைத் தாய் சேய் நல அட்டையின் முன்பக்கத்தில் பின் அடித்துவிடுங்கள், எட்டாம் மாதத்திலேயே கிராம சுகாதார செவிலியரிடம் காட்டிப் பேசிவிடுங்கள். துணைக்கு வருகிறவர் பிள்ளை பெற்றவராகவும், அதட்டினால் பயந்து வெளியே போய்விடாதவராகவும் இருக்கட்டும்.