காட்டுப்பன்னி வேட்டைக்கு 223 ரைஃபிள் போதும்னு இனிமே என்கிட்ட சொல்லாதீங்க

சனிக்கிழமை வேட்டைல நடந்தது உங்களுக்கே தெரியும். நம்ம கூட்டத்துல சிலபேரு, அவ்ளோ பெரிய ஆண் பன்னிய சின்ன குண்டு போடற 223-ல தோள்ல சுட்டுட்டு, அது எழுந்து புதருக்குள்ள ஓடுனதும் "எங்கயாவது விழுந்து கெடக்கும் விடு"ன்னு வண்டியக் கிளப்பிட்டாங்க. கேட்டா "குறி சரியா இருந்தா எந்த காலிபரும் (குண்டோட அளவு) போதும், உனக்குக் குறி வராது, அதான் பெரிய குண்டு போடற 308 தூக்கிட்டு அலையுற"ங்கறாங்க. இத்தனை பேர் முன்னாடி அப்படிச் சொன்னது எனக்கு வலிச்சுது.

குறி முக்கியந்தான், யாரு இல்லேன்னா? ஆனா பன்னி மான் இல்லங்க. இதயம் மானுக்கு இருக்கறத விட கீழயும் முன்னாடியும், முன்னங்கால ஒட்டி இருக்கு. வளந்த ஆணுக்கு அதுக்கு மேல தோள்லேந்து விலா வரைக்கும் கெட்டியா ஒரு கேடயம் வேற. 223-ல போடற 55 கிரெய்ன் எடையுள்ள லேசான குண்டு அதுல பட்டு உள்ள போகாமயே சிதறிடலாம்.

ஒரு தடவ வேறொருத்தர் சுட்ட பன்னியத் தேடி ராத்திரி டார்ச்சோட போனேன். தடம் புடிக்க ரத்தமே இல்ல, கொழுப்பும் முடியும் ஓட்டைய அடைச்சிரும். கடைசில சேத்துல படுத்திருந்துச்சு, உயிரோட. ஒரு கால் தொங்குது, எங்களப் பாத்ததும் பல்லக் கடகடன்னு கடிக்குது. அப்புறம் தோலுரிச்சப்போ குண்டோட செம்புத் துணுக்கெல்லாம் அந்தக் கேடயத்துலயே குத்திட்டு நின்னுச்சு.

"223-ல எத்தனையோ அடிச்சிருக்கோம்"பீங்க. சின்னப் பன்னி, கிட்டத்துல, அசையாம நிக்குது, காதுக்குப் பின்னாடி வைக்கிறீங்க, நல்ல விரியற குண்டு, சரி ஒத்துக்கறேன். ஓடற கூட்டத்துல பெரிய ஆணுக்கு? ஜெர்மனில காட்டுப்பன்னிக்கு குறைஞ்சது 6.5 மில்லிமீட்டர், 100 மீட்டர்ல குண்டுக்கு 2000 ஜூல் சக்தி வேணும்னு சட்டமே இருக்கு. 223-க்கு குழல் வாயிலயே சுமார் 1700 தான், 308-க்கு 3500 பக்கம் வரும். 308 தோள்ல உதைக்குதுன்னா, உதை கம்மியான 6.5 கிரீட்மோர் ரைஃபிள் எடுங்க, யாரு வேண்டான்னா? பெரிய குண்டு பட்டா கறி வீணாகும்ங்கறதுக்கெல்லாம் பதில் சொல்ல எனக்குப் பொறுமை இல்ல, காட்டுல அழுகுனா மொத்தமும் வீணுதான்.

இன்னொண்ணு, 308-லயும் ஃபுல் மெட்டல் ஜாக்கெட்னு சொல்ற, உலோக உறை மூடுன விரியாத குண்டு போட்டுட்டு வராதீங்க, ஊசி மாதிரி துளைச்சிட்டுப் போயிரும், பன்னியும் போயிரும். உறையும் உள்ள இருக்கற ஈயமும் ஒட்டியே இருக்கற பாண்டட் குண்டு, இல்ல முழு செம்பு குண்டு, ரெண்டுல ஒண்ணு போடுங்க.

காலிபர் கூட அப்புறம் பேசிக்கலாங்க. சுட்ட மிருகத்தத் தேடாம எப்படிங்க வீட்டுக்குப் போய் தூங்க முடியுது? அதைக் கேட்டதுக்குத் தானே என்னைய அவ்ளோ பேச்சு பேசுனாங்க. இனிமே பெரிய ஆணுக்கு 223 எடுத்துட்டுப் போறவங்க கூட நான் வரல, கோச்சுக்கறவங்க கோச்சுக்கோங்க.