"சிக்கன்தானே" என்றொரு சமாதானம்

போன ஞாயிறு வெள்ளவத்தையில் அக்கா வீட்டில் மத்தியானச் சாப்பாடு. கீரிச்சம்பாச் சோறு, கோழிக்கறி, பருப்பு, வல்லாரைச் சம்பல். பெறாமகனுக்கு மட்டும் தனியாக ஒரு கோப்பையில் டெவல் சொசேஜ். வெங்காயமும் கறிமிளகாயும் தக்காளி சோஸும் போட்டு, ஓரம் கருகும்வரை பிரட்டி எடுத்தது. பன்னிரண்டு வயதுப் பிள்ளை, கோழிக்கறியைத் தொடவே மாட்டான். பள்ளிக்கூடத்துக்கும் கிழமையில் நாலு நாள் சொசேஜ் பணிஸ்தான். நான் வாயைத் திறக்க முன்னமே அக்கா முந்திக்கொண்டாள். "சிக்கன்தானடி. மாடோ பண்டியோ இல்லையே."

கொழும்பில் நம் ஆட்களின் வீடுகளில் இந்தச் "சிக்கன்தானே" எல்லாக் கேள்விக்கும் பதிலாகிவிட்டது. மாடு சாப்பிடாத சைவ வீட்டு வழக்கம் ஒரு பக்கம், சிவப்பு இறைச்சியைக் குறையுங்கள் என்று டொக்டர் சொன்னது இன்னொரு பக்கம். இரண்டும் சேர்ந்து, பறவையா நாலுகால் மிருகமா என்று கேட்பதோடு விசாரணை முடிந்துவிடுகிறது. அந்த இறைச்சியை என்ன செய்தார்கள், அதற்குள் எதைச் சேர்த்தார்கள், வயிற்றுக்குள் அது எதோடு கூடப் போகிறது என்று யாரும் கேட்பதில்லை. என்னைக் கேட்டால் அதுதான் பெரிய கேள்வி.

அன்றைக்கு ஒரு சின்ன வேலை செய்தேன். ஒரு சொசேஜைக் குறுக்கே வெட்டி, கறியில் கிடந்த நெஞ்சுத் துண்டொன்றைப் பிய்த்துப் பக்கத்தில் வைத்தேன். கறித்துண்டு உள்ளே வெள்ளை. சொசேஜ் உள்ளே இளஞ்சிவப்பு. இரண்டும் கோழி, இரண்டும் நன்றாக வெந்தவை. வெந்த இறைச்சி வெளிறும் அல்லது மண்ணிறமாகும், இப்படி ரோசாப்பூ நிறத்தில் நிற்காது. குப்பைக் கூடைக்குள் இருந்த பக்கெட்டை எடுத்துப் பின்பக்கத்துப் பொடி எழுத்தைப் படித்தேன். ஐ.என்.எஸ். 250. சோடியம் நைட்ரைட். பள்ளிக்கூடத்தில் நைத்திரைற்று என்று படித்தோமே, அதேதான்.

இறைச்சிக்கு நிறம் தருவது மயோகுளோபின் என்ற புரதம். அதன் நடுவில் இரும்பைப் பிடித்துக்கொண்டு ஹீம் என்றொரு பகுதி இருக்கிறது. நைட்ரைட்டிலிருந்து வரும் நைட்ரிக் ஒக்சைட் அந்த இரும்போடு ஒட்டிக்கொள்கிறது. அதனால்தான் வெந்த பிறகும் இளஞ்சிவப்பு போகாமல் நிற்கிறது. சில கம்பனிகள் சாயமும் சேர்ப்பதுண்டு. அதுவும் அதே பொடி எழுத்தில்தான் இருக்கும்.

நைட்ரைட்டை வில்லனாக்கிவிட்டுப் போவது எளிது. ஆனால் அதைச் சேர்ப்பதற்கு ஒரு நியாயமான காரணம் இருக்கிறது. பொட்டுலிசம் என்ற உயிர்கொல்லி நோயைத் தரும் நஞ்சை உண்டாக்கும் கிருமியை அது அடக்குகிறது. 1820களில் ஜெர்மனியில் யுஸ்டினஸ் கெர்னர் என்ற வைத்தியர் கெட்டுப்போன சொசேஜ் சாப்பிட்டவர்களை ஆராய்ந்து இதைப் பற்றி விரிவாக எழுதினார். லத்தீனில் பொட்டுலுஸ் என்றால் சொசேஜ்தான். நோயின் பெயரே அங்கிருந்து வந்தது.

பிரச்சினை வயிற்றில் தொடங்குகிறது. வயிற்றின் அமிலத்தில் நைட்ரைட் உருமாறி, இறைச்சிப் புரதம் சிதைந்து வரும் அமீன்களோடு சேர்கிறது. அப்படிப் பிறப்பவை நைட்ரோசமீன்கள். 1956இலேயே மகீ, பார்ன்ஸ் என்ற இரண்டு பிரித்தானிய ஆய்வாளர்கள், இந்தக் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு பொருள் எலிகளின் ஈரலில் புற்றுநோயை உண்டாக்கியதைக் காட்டினார்கள். சட்டியில் கருகும்வரை பொரித்தால் வயிற்றுக்குப் போக முன்னமே கொஞ்சம் உண்டாகிவிடும். டெவல், அதாவது பிசாசு, என்பது அந்த வகையில் பொருத்தமான பெயர்.

கேம்பிரிட்ஜில் ஷீலா பிங்ஹாம் என்ற விஞ்ஞானியின் குழு செய்த வேலை எனக்கு மிகவும் பிடித்தது. தொண்டர்களுக்குச் சாப்பாட்டை அளந்து கொடுத்து, அவர்களுடைய மலத்தைச் சேகரித்துச் சோதித்தார்கள். (விஞ்ஞானத்துக்காக மனிதர் படும் பாடு!) சிவப்பு இறைச்சி நிறையச் சாப்பிட்டபோது, நைட்ரோசமீன்களையும் உள்ளடக்கிய நைட்ரோசோ சேர்மங்கள் கூடின. கோழியும் மீனும் கொடுத்தபோது கூடவில்லை. 2003இல் வந்த ஆய்வில் காரணத்தையும் பிரித்துக் காட்டினார்கள். வெறும் புரதமோ சாதாரண இரும்போ கொடுத்தால் கூடவில்லை, ஹீம் கொடுத்தால் கூடியது.

ஆகவே அக்கா சொன்னதில் பாதி சரி. கோழிக்கறியில் ஹீம் குறைவு, அதை அவள் தாராளமாகச் சமைக்கலாம். மீதிப் பாதிதான் இடிக்கிறது. சொசேஜில் நைட்ரைட்டை நாமே கொண்டுபோய்ச் சேர்க்கிறோம். விலை குறைந்த பல சொசேஜ்களில் இருப்பது நாம் சந்தையில் பார்க்கும் சதையும் இல்லை. சதை வெட்டிய பிறகு மிஞ்சும் எலும்புக்கூட்டை இயந்திரத்தில் நசுக்கி எடுக்கும் விழுது. எலும்பு மச்சையும் அதில் கலந்துவிடுவதால் ஹீம் ஏறிவிடும். கோழிக் கொழுப்பு இலகுவில் காறிப்போகும் வகை வேறு. கோழியைத் தேர்ந்தெடுத்ததால் கிடைத்த நன்மையை மெஷின் திருப்பி வாங்கிக்கொள்கிறது.

கொழுப்பு என்றதும் இன்னொன்று. வைட்டமின் சி நைட்ரோசமீன் உண்டாவதைத் தடுக்கும் என்பது பழைய செய்தி. அதனால்தான் பல பக்கெட்டுகளில் 250க்குப் பக்கத்திலேயே வைட்டமின் சியின் இன்னொரு வடிவமான அஸ்கோர்பேட்டும் இருக்கும். ஆனால் 2007இல் கிளாஸ்கோவில், கண்ணாடிக் குடுவைக்குள் வயிற்றைப் போலொன்றை அமைத்து அதில் 10 சதவீதம் கொழுப்பு சேர்த்துப் பார்த்தபோது, அதே வைட்டமின் சி சில நைட்ரோசமீன்களைத் தடுக்காமல் கூட்டிவிட்டது. அது உண்மையான வயிறு இல்லை, சரி. ஆனாலும் சொசேஜ் சாப்பிட்டுவிட்டுத் தோடம்பழச் சாறு குடித்தால் கணக்கு நேராகிவிடும் என்ற நம்பிக்கையை அது கொஞ்சம் ஆட்டுகிறது.

"கீரையிலும்தானே நைட்ரேட் இருக்கு" என்று கட்டாயம் ஒருவர் கீழே எழுதுவார். இருக்கிறது. நம் உடம்புக்குள் போகும் நைட்ரேட்டில் பெரும்பங்கு மரக்கறியிலிருந்துதான். வாயிலுள்ள பக்டீரியா அதில் ஒரு பகுதியை நைட்ரைட்டாகவும் மாற்றும். ஆனால் வல்லாரைக்குள் ஹீம் இல்லை, இறைச்சிப் புரதமும் இல்லை. நைட்ரோசமீன் உண்டாவதைத் தடுக்கும் பொருட்கள் அதற்குள்ளேயே இருக்கின்றன. அதே சேர்மம் யாரோடு கூடிப் போகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. "நைட்ரைட் சேர்க்கப்படவில்லை" என்று பெருமையாக எழுதிய வெளிநாட்டுப் பக்கெட்டுகளையும் சுப்பர் மார்க்கெட்டில் பார்க்கிறேன். சிலவற்றில் செலரித் தூள் இருக்கும். செலரியின் நைட்ரேட்டைப் பக்டீரியாவைக் கொண்டு நைட்ரைட்டாக்கிச் சேர்ப்பதுதான் அந்தக் கூத்து.

இனி மசாலாவுக்கு வருகிறேன். ஹீம் இரும்பு வயிற்றுக்குள் கொழுப்பையும் காறவைக்கிறது, அதில் மலோன்டையல்டிஹைட் என்ற கெடுதியான பொருள் உண்டாகிறது. 2010இல் கலிபோர்னியாவில் 11 பேருக்கு பேர்கர் கொடுத்துப் பார்த்தார்கள். கராம்பு, கறுவா, இஞ்சி, மிளகு, உள்ளித்தூள் எல்லாம் சேர்த்துப் பிசைந்த இறைச்சியில் அந்தப் பொருள் 71 சதவீதம் குறைவு. சாப்பிட்டவர்களின் இரத்தத்திலும் சிறுநீரிலும்கூடக் குறைந்தது. இதைப் படித்தவுடன் "நம் முன்னோர் முட்டாள்கள் இல்லை" என்று வட்ஸ்அப்பில் அனுப்பக் கிளம்ப வேண்டாம். முன்னோர் ருசிக்காகத்தான் போட்டார்கள், ஆய்வில் இருந்ததும் 11 பேர்தான். ஆனால் அக்காவின் கோழிக்கறி அந்த மேசையில் சொசேஜைவிட நல்ல சாப்பாடு என்று நான் சொல்வதற்கு இது போதும்.

2015இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் பதப்படுத்திய இறைச்சியை, மனிதருக்குப் புற்றுநோய் தரும் என்று உறுதியானவற்றின் பட்டியலில், புகையிலை இருக்கும் அதே முதலாம் குழுவில் சேர்த்தது. கோழியில் செய்தவையும் அந்த வரையறைக்குள் வரும். தினமும் 50 கிராம் சாப்பிட்டால் பெருங்குடல் புற்றுநோய் அபாயம் 18 சதவீதம் கூடும் என்றார்கள். இதை வைத்துப் பயமுறுத்துபவர்கள் மேல் எனக்குக் கோபம் உண்டு. 100 பேரில் 5 பேருக்கு வரும் நோய் 6 பேருக்கு வரும் என்ற அளவு அது. ஒரே குழு என்றால் சான்று அவ்வளவு உறுதி என்று அர்த்தம், ஆபத்தும் அவ்வளவு என்று அர்த்தமில்லை. கருவாட்டைப் பற்றிக் கேட்பீர்கள், அது இன்னொரு பதிவு.

அக்காவோடு பேச்சுவார்த்தை நடந்து முடிந்தது. சொசேஜ் பணிஸ் வெள்ளிக்கிழமை மட்டும், மற்ற நாட்களில் முட்டை அல்லது மீன் பணிஸ். பெறாமகன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "அப்ப சித்தி, உள்ளுக்க வெள்ளையா இருக்கிற சொசேஜ் இருக்கோ?" என்றான். இருக்கிறது என்று சொல்லி மாட்டிக்கொண்டேன். வாற ஞாயிறு மிளகும் உள்ளியும் கராம்பும் போட்டுக் கோழியை நானே அரைத்துச் செய்து தருவதாக ஒப்பந்தம். உறைக்கு எங்கே போவது என்றுதான் விளங்கவில்லை. கட்லட் மாதிரித் தட்டிப் பொரித்து வைத்தால் அவன் ஏமாறமாட்டான்.