கமரோன் பாடியது யாருடைய பாட்டு?

ஸ்பெயினின் ஃபிளமெங்கோ இசைப் பாடகர் கமரோனைப் பற்றி யார் எழுதினாலும் ஒரே கதைதான். ஏழை ஜிப்சிப் பையன், தெய்வீகக் குரல், ஹெராயின், 41 வயதில் நுரையீரல் புற்றுநோய், 1992 ஜூலையில் மரணம். எல்லாம் உண்மைதான். ஆனால் இதைப் படித்து முடித்தால், அந்த ஆள் வலி தாங்காமல் கத்தினார், அதுவே பாட்டாகிவிட்டது என்றுதான் தோன்றும். என் எரிச்சலே அதில்தான்.

ஸ்பெயினின் தெற்கே காதிஸ் பக்கம் சான் ஃபெர்னாண்டோ என்ற ஊர். அப்பா கொல்லர், அம்மா கூடை முடைபவர், நன்றாகப் பாடுவார். 1950-ல் பிறந்த ஹோசே மோன்ஹே ஒல்லியாக, வெளுப்பாக இருந்ததால் உறவுக்காரர் ஒருவர் ‘கமரோன்’, அதாவது ‘இறால்’ என்று கூப்பிட, அதுவே நிலைத்துவிட்டது. ஊரில் வெந்தா தே வார்காஸ் என்றொரு விடுதி. மனோலோ கரக்கோல் மாதிரி ஃபிளமெங்கோ ஜாம்பவான்கள் வந்துபோகும் இடம். பையன் அங்கே சில்லறைக்குப் பாடினான், பெரியவர்கள் பாடும்போது காதைத் தீட்டிக்கொண்டு கேட்டான். இதைக் குருகுலம் என்று சொல்லாமல் வறுமை என்று மட்டும் ஏன் சொல்கிறோம்?

அவர் பாடும் புலேரியா (வேகமான ஒரு ஃபிளமெங்கோ பாட்டு வகை) ஒன்றைக் கேளுங்கள். 12 எண்ணிக்கைச் சுற்று, அழுத்தம் விழும் இடங்கள் 12, 3, 6, 8, 10. பக்கத்தில் இருப்பவர்கள் கைதட்டியே அதைத் தாங்கிப் பிடிக்கிறார்கள். கமரோன் எடுப்பைத் தள்ளிப்போடுவார், ‘போச்சு, தாளம் தப்பிட்டார்’ என்று நாம் நினைக்கும்போது நாலு சொல்லை ஒரே மூச்சில் உருட்டிக்கொண்டு வந்து 10-ல் கச்சிதமாக இறங்குவார். அழுகிறவனுக்கு இந்தக் கணக்கு வராது. அந்தக் கரகரப்புக்குள்ளும் சுருதி நூல் பிடித்த மாதிரி நிற்கும்.

மாட்ரிட் போய் தோரேஸ் பெர்மேஹாஸ் என்ற ஃபிளமெங்கோ விடுதியில் வருஷக்கணக்காகப் பாடினார். பாக்கோ தே லூசியாவின் கிடாரோடு 1969 முதல் 1977 வரை ஒன்பது ஆல்பங்கள். என்னைக் கேட்டால் அவருடைய உச்சம் இவைதான்.

1979-ல் ‘லா லெயெந்தா தெல் தியெம்போ’ என்ற ஆல்பம். தயாரிப்பு ரிக்கார்தோ பச்சோன், கிடார் இளைஞர் தொமாதீத்தோ. கவிஞர் லோர்க்காவின் வரிகள், டிரம்ஸ், எலக்ட்ரிக் பேஸ், ஒரு தாலாட்டில் சிதார் கூட. ‘இது எங்க கமரோனே இல்லை’ என்று ஜிப்சிகளே கடையில் திருப்பிக் கொடுத்ததாகச் சொல்வார்கள். விற்பனை படுத்துவிட்டது. இன்று அதே ஆல்பத்தை ஃபிளமெங்கோவின் திருப்புமுனை என்று கொண்டாடுகிறார்கள். சரி, கொண்டாடட்டும். பழைய பாணியை அக்குவேறு ஆணிவேறாக அறிந்தவர் என்பதால்தான் அதை மீற முடிந்தது என்பதையும் சேர்த்துச் சொல்லலாமே.

இப்போது காசு விஷயம். அவர் இறந்த பிறகுதான் பெரிய சண்டை வெளியே வந்தது. அவர் பாடிய பாட்டுகளில் பெரும்பாலானவை பாக்கோ உள்பட மற்றவர்கள் பெயரில் பதிவாகியிருந்தன. குடும்பத்துக்குப் போதுமான உரிமைத்தொகை இல்லை. பழி பாக்கோ மேல் விழுந்தது, அவர் மனமுடைந்து போனார். பாக்கோவைத் திருடன் என்று சொல்ல நான் தயாராக இல்லை. கோளாறு முறையில் இருக்கிறது. பதிப்புரிமை, வரி எழுதியவர் யார், மெட்டுப் போட்டவர் யார் என்று கேட்கும். ஃபிளமெங்கோவில் மெட்டு பெரும்பாலும் தலைமுறை தலைமுறையாக வந்த சட்டகம். எந்த அசையை நீட்டுவது, எங்கே உடைப்பது, எங்கே தாளத்தைத் தாண்டுவது என்று அந்த நிமிஷத்தில் தீர்மானிப்பவர் பாடகர். அந்த வேலையை எழுதுவதற்குப் படிவத்தில் இடமே கிடையாது.

குரல் கடவுள் கொடுத்தது, வலி விதி கொடுத்தது என்று ரசிகர்களாகிய நாம் சொல்லச் சொல்ல, பாடகருக்குப் பங்கு எதற்கு என்று கேட்பவருக்குத்தான் வசதி. கமரோன் அந்தப் பாட்டுகளின் இணை இசையமைப்பாளர். ஆல்பம் உறையில் அப்படியே அச்சடித்திருக்க வேண்டும், பங்கும் கொடுத்திருக்க வேண்டும்.